விழித்திருக்கும்படி ஒரு வேண்டுகோள்: வெளிநாட்டு மருத்துவ ஊழியர் இளைப்பாறுதல் நிதி

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகர (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின்) மக்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குழுவினரின் ஸ்தோத்திரங்கள்.

நம்முடைய சேகரங்களிலிருந்து நேபாளத்தின் மலை மாவட்டங்களுக்கும், ஆப்பிரிக்காவில் மலாவி, ஜாம்பியா ஆகிய நாடுகளுக்கும் மிஷன் மருத்துவமனைப் பணிக்காகச் சென்றிருக்கும் செவிலியர், மருத்துவர், ஆய்வகப் பணியாளர் ஆகியோரின் பொருட்டு இந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறோம். மருந்து வாங்குவதற்கோ கட்டடம் எழுப்புவதற்கோ இந்த நிதி திரட்டப்படவில்லை. விடுமுறையில் ஊர் வரும் ஊழியர்கள் மே மாதத்தில் பத்து நாள் கொடைக்கானலில் கூடி, ஓய்ந்திருந்து, வேதத்தைத் தியானித்து, தங்கள் உள்ளத்தின் நிலையை மனம்விட்டுப் பேசுவதற்கும், வர இயலாதவர்களை நாமே அவர்கள் இருக்குமிடம் தேடிச் சென்று விசாரிப்பதற்கும் ஆகும் செலவுக்காகவே கேட்கிறோம்.

ஊழியத்துக்கென்று வீட்டையும் நாட்டையும் விட்டுப் போனவர் ஜெபத்தில் குளிர்ந்துபோவாரா என்ற கேள்வி எங்கள் முதல் கூட்டத்திலேயே எழுந்தது. போவார் என்பதுதான் அவர்களிடமிருந்தே நாங்கள் அறிந்துகொண்ட பதில். மலாவியில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நீளும் மழைக்காலத்தில் மலேரியா பெருகும்போது, குழந்தைகள் பிரிவில் ஒரே கட்டிலில் இரண்டு மூன்று பிள்ளைகளைக் கிடத்த வேண்டியிருக்கும். காய்ச்சலோடு கடும் இரத்தசோகையும் கண்டு மூச்சிரைக்கும் பிள்ளைக்கு இரத்தம் ஏற்ற வேண்டும்; பொருந்தும் இரத்தம் இருப்பில் இராது; உறவினர் எவராவது கொடுக்க முன்வந்து, அதைச் சோதித்து முடிப்பதற்குள் பிள்ளை போய்விடுவதும் உண்டு. அப்படிப்பட்ட இரவுப் பணிகள் வாரக்கணக்கில் தொடர்ந்த ஒரு காலத்தைப் பற்றி, விடுமுறையில் வந்த செவிலியச் சகோதரி ஒருவர் எங்களிடம் சொன்னார். மருத்துவமனையின் காலை ஜெபத்தில் தம் முறை வரும்போதெல்லாம் அவர் வேதபாகம் வாசித்தார், அவ்வூர் மொழியில் நோயாளிகளுக்காக ஜெபித்தார். ஆனால் பதினொரு மாதம் தமக்கென்று ஒரு நாளும் வேதத்தைத் திறக்கவில்லை. அதைப் பாவம் என்று கருதவும் அவருக்குத் தோன்றவில்லை. செய்கிற வேலையே ஜெபம்தானே என்று எண்ணிக்கொண்டார். பிறகு ஒரு நாள், இறந்த பிள்ளையின் தாய் அழுதபோது தம் மனம் சற்றும் அசையாததைக் கண்டு பயந்துபோனார்.

இந்தச் சகோதரி வழிதவறியவர் அல்லர். யாரும் குறைசொல்ல இடமில்லாத உழைப்பாளி. அதனால்தான் அவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. ஆவிக்குரிய விழிப்பு பெரும்பாலும் பெரிய சோதனையொன்றில் ஒரேயடியாக உடைந்துபோவதில்லை. நல்ல வேலையின் நடுவே, நன்றி சொல்லப்படும் வேலையின் நடுவே, எண்ணெய் தீர்ந்த விளக்குபோல ஓசையின்றி மங்குகிறது. விழித்திருந்து ஜெபிக்கும்படி இயேசு கேட்டுக்கொண்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில் சீஷர்கள் தூங்கியதும் பகைவரோடு சேர்ந்துகொண்டதனால் அல்லவே. துக்கத்தினாலும் களைப்பினாலும் அல்லவா தூங்கினார்கள்?

இதில் எங்கள் குற்றத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர்களை வழியனுப்பிய ஆராதனையில் கைவைத்து ஜெபித்தோம், பொன்னாடை போர்த்தினோம். அதன்பின் ஆண்டுக்கு இருமுறை அவர்களுக்கு அனுப்பிய படிவத்தில் எத்தனை நோயாளிகள், எத்தனை பிரசவங்கள், எத்தனை கிராம முகாம்கள் என்று மட்டுமே கேட்டோம். "எப்படியிருக்கிறாய், மகளே" என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

நேபாளத்தில் இருப்பவர்களின் நிலை வேறு வகையானது. அங்கே 1954 முதல் கிறிஸ்தவ அமைப்புகள் கூட்டாக மருத்துவப் பணி செய்துவருகின்றன. 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. ஆகவே அங்கே பணிபுரிபவர் தம் விசுவாசத்தைப் பெரும்பாலும் வாயினால் அல்ல, கையினால் சொல்ல வேண்டியவராக இருக்கிறார். அது குறைவான சாட்சி என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆயினும் வெளியே அதிகம் பேச இயலாதவருக்கு உள்ளே ஊற்று ஆழமாக இருந்தாக வேண்டும். வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் அந்நாட்டுச் சபைகள் பெரும்பாலும் சனிக்கிழமையிலேயே கூடி வந்திருக்கின்றன. அன்று பணியில் இருக்க நேர்ந்தவருக்கு அந்த வாரம் ஆராதனையே இல்லை. தாய்மொழியில் பாடி எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணிச் சொல்பவர்கள் உண்டு.

தமிழராகிய நாம் இதை நன்றாகவே உணரக்கூடியவர்கள், ஏனெனில் இப்படி வந்தவர்களின் கையால் நாமும் சுகம் பெற்றவர்கள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் மருத்துவமனை நடத்திய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தவர். பத்தாண்டு உழைத்தபின் 1857இல் அவர் தாயகம் திரும்பினார். ஐந்தாண்டு அங்கிருந்துவிட்டு, 1862இல் மீண்டும் வந்து 1873 வரை பணி செய்தார். தமிழில் அவர் ஆக்கிய மருத்துவ நூல்களில் முக்கியமான பல அந்த இரண்டாம் காலத்தில்தான் வெளிவந்தன. முதல் பத்தாண்டோடு அவர் ஓய்ந்துபோயிருந்தால் நமக்கு எவ்வளவு கிடைக்காமல் போயிருக்கும் என்பதை நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம்.

கொடைக்கானலைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. யாழ்ப்பாண மிஷனிலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க ஊழியர்கள், சமவெளியின் நோய்களால் தங்களில் பலரை அடக்கம் செய்தபின், 1845இல் அந்த மலைமேல் ஏறி இரண்டு வீடுகள் கட்டினார்கள். இன்று நாம் சுற்றுலாவுக்குப் போகும் அந்த ஊர், ஊழியர்கள் உயிரோடிருக்க வேண்டும் என்ற கவலையில் பிறந்தது. அதே தேவைக்காக அதே மலைக்கு நம்முடைய பிள்ளைகளை அனுப்புவது பொருத்தமாகப் பட்டது.

கூடுகையில் காலையும் மாலையும் தமிழில் ஆராதனை இருக்கும். பகல் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படும். கூட்டத்துக்குமேல் கூட்டம் வைத்துக் களைத்தவர்களை மேலும் களைக்கச் செய்ய மாட்டோம். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரும், அனுபவமுள்ள போதகர் ஒருவரும் பத்து நாளும் உடனிருப்பார்கள். அங்கே சொல்லப்படுகிற எதுவும் மருத்துவமனை நிர்வாகத்துக்கோ, அனுப்பிய சேகரத்துக்கோ, இந்தக் குழுவுக்கோ கூடத் தெரிவிக்கப்பட மாட்டாது என்பது நாங்கள் ஒருமனதாக எடுத்த தீர்மானம். அதனால் நன்கொடையாளர்களுக்குப் பயனாளிகளின் பெயரோ படமோ சாட்சியோ அனுப்ப இயலாது. வரவு செலவுக் கணக்கு மட்டுமே அனுப்புவோம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

ஒருவருக்குத் தங்குமிடம், உணவு, மலைக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆகிறது. முதல் ஆண்டில் 24 பேருக்கு 3,36,000 ரூபாய் வேண்டும். கோரக்பூர் வரை ரயிலிலும், சுனௌலி எல்லையைத் தாண்டிப் பேருந்திலுமாக நேபாளத்துக்கு இருவர் இருமுறை சென்றுவர 90,000 ரூபாயும், ஆலோசகருக்கு ஆண்டு முழுவதற்குமான மதிப்பூதியம் 74,000 ரூபாயும் ஆக மொத்தம் 5,00,000 ரூபாய் தேவைப்படுகிறது. ஆப்பிரிக்காவுக்கு நேரில் செல்ல இப்போது நமக்கு வசதியில்லை. அங்குள்ள ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து அவரோடு ஜெபிக்க ஒரு குடும்பம் பொறுப்பேற்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டாம், மறவாமை வேண்டும். பெயர் கொடுக்க விரும்பும் குடும்பங்கள் முன்வரும்படி கேட்கிறோம்.

பிடி அரிசியை உலையில் போடுமுன் ஊழியத்துக்கென்று எடுத்து வைத்த தாய்மார்களின் காணிக்கையும் சேர்ந்து, 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் போன்ற பணிகளைத் தாங்கியதை நாம் அறிவோம். ஆகவே சிறு தொகை என்று யாரும் தயங்க வேண்டாம். ஒருவரின் ஒரு நாள் செலவான 1,400 ரூபாயை இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து கொடுத்தாலும் மகிழ்வோடு பெற்றுக்கொள்வோம்.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் நம் குழு பதிவு பெறவில்லை. எனவே பிற நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினர்களிடமிருந்து, அவர்கள் எவ்வளவு அன்போடு கொடுத்தாலும், பணம் பெற இயலாது. இந்தியக் கடவுச்சீட்டோடு வளைகுடா நாடுகளிலும் பிற இடங்களிலும் வேலை செய்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வருமான வரிச் சலுகைக்கான சான்றிதழும் நம்மிடம் இல்லை.

காணிக்கைகளை உங்கள் சேகர அலுவலகத்தில் கொடுத்து, குழுவின் முத்திரையிட்ட ரசீதைத் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள். கொடைக்கானல் விடுதிக்கு மார்ச் மாத இறுதிக்குள் முன்பணம் செலுத்த வேண்டியிருப்பதால், இயன்றவர்கள் பிப்ரவரி கடைசி ஞாயிறுக்குள் கொடுத்துதவும்படி மன்றாடுகிறோம். விடுமுறையில் வீட்டில் வந்திருக்கும் மருத்துவ ஊழியர் எவரையேனும் நீங்கள் அறிந்திருந்தால், அவர் நம் சேகரத்தாராக இல்லாவிட்டாலும், கூடுகைக்கு அவரையும் அழைத்து வாருங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
குழுவின் தலைவர், செயலர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்