பொறை வெறும் பொறுமை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் பக்கத்தில் ‘பொறையுடைமை’ அதிகாரத்துக்கு விளக்கம் எழுதியவர், பொறை என்றால் ‘அவசரப்படாமல் இருத்தல்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். படித்ததும் மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

திருக்குறளின் 16ஆவது அதிகாரம் பேசுவது, தனக்குத் தீங்கு செய்தவரை மன்னிக்கும் மனத்தைப் பற்றி. ‘பொறுத்தல் இறப்பினை என்றும்’ என்கிறது 152ஆவது குறள். இங்கே இறப்பு சாவு அல்ல. எல்லை கடந்து செய்த தீங்கு. ‘என்றும்’ என்பதற்குப் பரிமேலழகர் ‘ஒறுத்தற்கு இயன்ற காலத்தும்’, அதாவது தண்டிக்க முடிந்த காலத்திலும், என்று உரை சொல்கிறார். அதிகாரத்தின் உயிரே இந்த உரையில்தான் இருக்கிறது என்பேன். திருப்பி அடிக்க முடியாதவன் சும்மா இருப்பதைப் பொறை என்று எப்படிச் சொல்வது? கலித்தொகையும் ‘பொறை எனப்படுவது போற்றாரைப் பொறுத்தல்’ என்றுதான் வரையறுக்கிறது; போற்றார் என்றால் நம்மை மதியாத பகைவர்.

‘பொறு’ என்ற வினைக்குச் சுமத்தல், தாங்குதல் என்று பொருள். பொறை என்றால் பாரம். மலைக்கும் அதுவே பெயர். சேர மன்னர்களின் ‘இரும்பொறை’ நினைவுக்கு வரும். பிள்ளை பெறுவதை நம் முன்னோர் ‘பொறையுயிர்த்தல்’ என்றார்கள், அதாவது சுமை இறக்குதல். ஆகவே ஒருவர் குற்றத்தைப் பொறுக்கிறோம் என்றால், அவர் செய்த தீங்கின் பாரத்தை அவர் மேல் திருப்பி எறியாமல் நாமே தாங்கிக்கொள்கிறோம். தன்னை அகழ்வாரை, அதாவது தோண்டுபவரை, தாங்கும் நிலத்தை வள்ளுவர் இந்த அதிகாரத்தின் முதல் குறளிலேயே வைத்ததற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

இது ஏட்டோடு போன சொல்லும் அல்ல. எங்கள் பக்கத்துத் தலைஞாயிற்றில் சிவபெருமானுக்கே ‘குற்றம் பொறுத்த நாதர்’ என்று பெயர். கத்தோலிக்கர் நாள்தோறும் ‘எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும்’ என்று செபிக்கிறார்கள். மனத்தாங்கல் தீரும்போது ‘பொறுத்துக்குங்க’ என்று சொல்லாத வீடு ஏது?

பிள்ளைகள் தேர்வுக்கு அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருப்பார்கள். ‘தண்டிக்க முடிந்தும் பிறர் குற்றத்தை மன்னித்தல்’ என்ற பொருளை வரும் இதழில் அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மயிலாடுதுறை