ஏற்காட்டு அடுப்புக்கு அட்லாண்டாவிலிருந்து

அட்லாண்டா,
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மலையேறி வந்து உங்களோடு பத்து நாள் தங்கிவிட்டுப் போனார் என்று அண்ணி சொன்னதைக் கேட்டு மனசு நிறைந்துவிட்டது.

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் ரெண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அது போதாது என்று பட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். விருந்தாளிகள் தங்கும் அறைகளுக்கு முன்னால், மூடி போட்டுச் சமைக்கிற செராமிக் கரி அடுப்பு வைக்கப் போகிறீர்கள். அதோடு என்னென்ன வாங்குவது, மே மாதம் வரும்போது நான் எதை எடுத்து வருவது என்பதுதானே கேள்வி. கடைக்காரர் அனுப்பிய பட்டியலில் இருபத்தெட்டு சாமான் இருக்கிறது என்றீர்கள். அவ்வளவும் வேண்டாம் அண்ணா. நான் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

எனக்கு இந்த அடுப்பு பழகியது எப்படி என்று நான் உங்களுக்குச் சொன்னதே இல்லை. முதல் நாலு வருஷம் அடுக்குமாடியில் இருந்தோம். அங்கே பால்கனியில் கரி மூட்டக்கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்று மாலை, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு தட்டை அலுமினியத் தாள் போட்டு மூடி எடுத்து வந்தார். ராத்திரி முழுக்கப் புகையில் வெந்த இறைச்சி. பெயர்கூடச் சரியாகத் தெரியாத எங்களுக்கு முதல் சோறு போட்டவர் அவர்தான். ஜூலை 4, இவர்களுடைய சுதந்திர தினத்தன்று, எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கரி மூட்டுவார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் சேலத்தில் தெருவெல்லாம் கறிக்குழம்பு மணக்குமே, அந்த நினைப்பு வந்து வாசலிலேயே நின்றுவிட்டேன். அடுத்த மாதமே அடுப்பு வாங்கினேன்.

இதற்குப் பூர்வீகம் ஜப்பான். இந்த வகை அடுப்பைக் கமாடோ என்பார்கள்; அங்கே அந்தச் சொல்லுக்கு அடுப்பு என்றே பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் அந்த மண் அடுப்பை ஊருக்குக் கொண்டு வந்தார்கள். 1974இல் எட் ஃபிஷர் என்பவர் இதே அட்லாண்டாவில் கடை திறந்து விற்கத் தொடங்கியதுதான் இன்றைய பிக் கிரீன் எக் நிறுவனம். முதலில் வந்த மண் அடுப்புகள் சூட்டில் சீக்கிரம் விரிசல் விட்டதால் பிறகு செராமிக்குக்கு மாறினார்கள்.

அப்பாவிடம் இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது. மேக்னசைட் சூளையில் முப்பது வருஷம் நின்றவர். 1,500 டிகிரிக்கு மேல் சுட்ட அந்த மேக்னசைட், நம் ஊர் வெள்ளைக்கல்தானே உருக்காலை உலைகளுக்கு உள்சுவர்க் கல்லாகப் போகிறது. கனமான சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரத்தில் விடாது என்பது அவருக்குத் தெரிந்த பாடம். "கரியைக் கூட்டாதே, காத்தைப் பாரு" என்று சின்ன வயசில் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வாரே, இந்த அடுப்புக்கும் அதே பேச்சுதான். கீழே ஒரு காற்றுவழி, மூடியின் உச்சியில் ஒன்று. இரண்டையும் விரல் கனம் திறப்பதிலும் மூடுவதிலும்தான் சமையல் இருக்கிறது.

எனக்கு அது புரிய ஒரு ஆட்டுத்தொடை வீணாக வேண்டியிருந்தது. 110 டிகிரி செல்சியஸில் மெதுவாக வேக வைக்க நினைத்து, சீக்கிரம் சூடாகட்டும் என்று இரண்டு வழியையும் அகலத் திறந்து விட்டேன். 200ஐத் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் மூடியும் ஒன்றரை மணி நேரம் இறங்கவில்லை. மேலே கருகி உள்ளே வேகாமல் போய்விட்டது. ஆகவே, சூடு ஏறும்போதே பிடித்து நிறுத்துங்கள். வேண்டிய அளவுக்கு இருபது முப்பது டிகிரி கீழே இருக்கும்போதே காற்றைக் குறைத்துவிட வேண்டும்.

இனி சாமான்களுக்கு வருகிறேன். முதலில் வாங்க வேண்டியது, தணலுக்கும் இறைச்சிக்கும் நடுவே வைக்கிற செராமிக் மறைப்புத் தட்டு. சில அடுப்புகளோடு அதுவே வரும், சிலவற்றுக்குத் தனி விலை. இது இல்லாவிட்டால் அடுப்பில் பாதிக்குப் பயன் கிடையாது. நேர்த் தணலில் சுடலாம், அவ்வளவுதான். தட்டை வைத்துவிட்டால் சூடு சுவரோடு சுற்றி வரும். முழுக்கோழி, ரொட்டி, மெதுவாக வேகும் தொடை எல்லாம் நடக்கும். அடுப்பின் அளவுக்குப் பொருந்த வேண்டிய சாமான் இது, கனமும் அதிகம், பெட்டியில் வந்தால் உடையும். அதனால் அடுப்பு வாங்கும் இடத்திலேயே சேர்த்துக் கேளுங்கள். விலையில் அடித்துப் பேச வேண்டியதும் இதற்குத்தான்.

அடுத்தது தெர்மாமீட்டர். மூடியில் ஒன்று பதித்திருப்பார்கள். அது மூடிக்குக் கீழே இருக்கும் காற்றின் சூட்டைத்தான் சொல்லும், இறைச்சி வைக்கும் கம்பி வலையின் மட்டத்தில் வேறாக இருக்கும், இறைச்சிக்குள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. கறிக்குள் குத்தி உடனே அளவு காட்டும் ஊசி தெர்மாமீட்டர் ஒன்றும், வயரோடு உள்ளேயே விட்டு வைக்கும் வகை ஒன்றும் நான் கொண்டு வருகிறேன். இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு. செல்சியசுக்கு மாற்ற முடிகிறதா என்று பார்த்தே வாங்கியிருக்கிறேன். கோழியில் எலும்பைத் தொடாமல் கனமான இடத்தில் குத்தி 74 டிகிரி வந்தால் எடுக்கலாம். ஆட்டுத்தொடை நம் ஆட்களுக்கு வாயில் கரைய வேண்டும்; 90க்கு மேல் போய் நார் இளகும்வரை விடுங்கள். விருந்தாளிக்குப் போடும் சாப்பாடு இது. கண்ணால் பார்த்து "வெந்துவிட்டது" என்று எடுப்பது வேண்டாம் அண்ணா, இதில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்.

மூன்றாவது, முழங்கை வரை வரும் சூடு தாங்கும் கையுறை. மறைப்புத் தட்டைச் சூட்டோடு எடுத்து வைக்க வேண்டி வரும், கைத்துணி போதாது. இன்னொன்று, மூடியை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். உள்ளே காற்றில்லாமல் அடங்கியிருக்கும் தணலுக்குத் திடீரென்று காற்று கிடைத்தால் தீ வெளியே சீறும். முதலில் ரெண்டு விரல் அளவு தூக்கி, கொஞ்ச நேரம் நிறுத்தி, அப்புறம் முழுதாகத் திறக்க வேண்டும். என் வலது கை ரோமம் அப்படித்தான் கருகியது. அண்ணி பக்கத்தில் நிற்கும்போது கட்டாயம் நினைவில் வையுங்கள்.

நான் கொண்டு வருவது தெர்மாமீட்டர்களும் கையுறையும்தான். 23 கிலோ பெட்டியில் குழந்தைகளின் துணியும் போக இதற்குத்தான் இடம். மின்சாரப் பற்றவைப்பான் ஒன்று இங்கே பிரபலம், ஆனால் அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் ஊர் 230க்கு ஆகாது. கரி பற்ற வைக்கும் மெழுகுக் கட்டிகளை விமானத்தில் விடமாட்டார்கள். அதற்குத் தேவையும் இல்லை. பழைய பருத்தித் துணியைக் கடலை எண்ணெயில் தோய்த்துக் கரிக்கு நடுவே செருகிப் பற்ற வையுங்கள், பத்து நிமிஷத்தில் பிடித்துவிடும். மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றவே கூடாது. செராமிக் அதை உறிஞ்சிக்கொண்டு பல நாள் சாப்பாட்டில் வாடை காட்டும்.

மற்றவை சேலத்திலேயே கிடைக்கும். செவ்வாய்பேட்டையில் கனமான இரும்பு தோசைக்கல் ஒன்று, கைப்பிடி இல்லாமல், அடுப்பின் உள்விட்டத்தை விட நாலு அங்குலம் குறைவாக வாங்குங்கள். பீட்சா கல் என்று தனியாக விற்பதற்குப் பதில் எனக்கு இதுவே போதும் என்று தோன்றுகிறது. ரொட்டி, மீன், கத்தரிக்காய் எல்லாம் அதில் வரும். தரைக்குப் போட மீந்த கடப்பாக்கல் துண்டை மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள், சூட்டில் வெடிக்கும். ரொட்டி சுடும்போது தோசைக்கல்லை மறைப்புத் தட்டின் மேல் நேராக வைக்காமல், மூன்று சின்னச் செங்கல் துண்டு கொடுத்துத் தூக்கி வையுங்கள். நடுவே காற்று போகாவிட்டால் அடி கருகிவிடும். சாம்பல் வாரவும் கரியைக் கிளறவும் நுனி வளைந்த கம்பி ஒன்றைப் பட்டறையில் செய்து வாங்கினால் போதும். இங்கே அதற்கும் தனி விலை கேட்கிறார்கள்.

நானும் ஆசைப்பட்டு இணையத்தில் ஒரு பெட்டி வாங்கினேன். இடுக்கி, தூரிகை, குத்தூசி என்று முப்பது சாமான். ஆறு மாதத்தில் பளபளப்பு உரிந்து வந்தது. கம்பித் தூரிகையிலிருந்து ஒரு இழை உடைந்து வலையில் ஒட்டியிருந்ததை என் பெரியவள்தான் பார்த்துச் சொன்னாள். அது அவள் தொண்டைக்குள் போயிருந்தால் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பித் தூரிகையே வேண்டாம். வலை சூடாக இருக்கும்போது மரத்துண்டால் சுரண்டி, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்தால் போதும்.

காற்றாடி வைத்துத் தானாகச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் கருவியும் உங்கள் பட்டியலில் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார். உங்களுக்கு இப்போது வேண்டாம். மழையில் கரண்ட் போகிற ஊர், தவிர நீங்கள் கையால் பழகுவதே நல்லது.

ஏற்காட்டுக்கென்று யோசித்தால், பனிமூட்டமும் ஈரமும்தான் பெரிய எதிரி. வார்ப்பிரும்பு வலை சூட்டை நன்றாகப் பிடிக்கும் என்று விற்பார்கள், அது உண்மைதான். ஆனால் அந்த ஈரத்தில் துருப்பிடிக்கும், துருப்பிடிக்காத எஃகு வலையே போதும். மழை உச்சித் திறப்பு வழியாக உள்ளே இறங்கும், அதனால் கனமான உறை கட்டாயம். ஆற அமர அடுப்பு குளிர்ந்த பிறகே உறை போடுங்கள். குரங்கு மூடியைத் திறந்து பழகாமல் இருக்கவும் அது உதவும். ரெண்டு வாரம் மூட்டாமல் ஈரத்தில் அடைத்து வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பயப்பட வேண்டாம், அடுத்த முறை கரி போட்டு நன்றாகச் சூடேற்றி எரித்துவிட்டு வலையைத் துடைத்தால் சரியாகிவிடும். முதல் நாலைந்து தடவை மட்டும் மெதுவான சூட்டில் பழக்குங்கள், மூடியின் விளிம்பில் இடைவெளியை அடைக்க ஒட்டியிருக்கும் கேஸ்கெட் பட்டை பிய்ந்து வராமல் இருக்கும்.

சில்வர் ஓக் மரத்தடியில் வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். அங்கே வேண்டாம். கீழே எப்போதும் காய்ந்த சருகு கிடக்கும். முற்றத்துக் கல்தரையில், மேலே திறந்த இடத்தில் வையுங்கள். மரமேசை மேல் நேராக வைத்தால் மேசை கருகும், இரும்புத் தாங்கி வேண்டும். எழுபது கிலோவுக்கு மேல் கனக்கும் சாமான், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும். லாரிக்காரரிடம் வைக்கோல் நிறையப் போட்டு நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். குளிர் காலத்தில் விருந்தாளி யாராவது தணலை அறைக்குள் கேட்டால் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கரி கட்டைக்கரியாக இருக்கட்டும். அச்சில் வார்த்த கரியில் சாம்பல் அதிகம், காற்றுவழி அடைத்துக்கொள்ளும். இங்கே மெஸ்கீட் என்று ஒரு கரியைப் பெருமையாக விற்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம் ஊர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். பற்றும்போது பொறி தெறிப்பதும் அப்படியே. சமைத்து முடித்ததும் இரண்டு காற்றுவழியையும் மூடிவிட்டால் மிச்சக் கரி அணைந்து மறுநாளைக்கு ஆகும். புகை மணத்துக்கு இங்கே பீக்கன் என்ற கொட்டை மரத்தின் கட்டை போடுகிறோம். உங்களுக்குத் தோட்டத்தில் கொய்யாவும் மாவும் இருக்கின்றன, கவாத்து பண்ணிய காப்பிக் கட்டையும் கிடக்கிறது. நன்றாகக் காய்ந்ததில் ரெண்டு மூன்று துண்டு போதும், அதற்கு மேல் போட்டால் கசக்கும்.

நான் வந்ததும் மேச்சேரி ஆட்டுத்தொடை ஒன்று வாங்கலாம். நம் தோட்டத்து மிளகை அண்ணி கையால் இடித்துத் தடவ வேண்டும். இங்கே எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த மிளகு வாசம் வரவில்லை. அப்பாவையும் மேலே கூட்டி வந்துவிடுங்கள், காற்றுவழியை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுப்பு வந்து இறங்கியதும் உள்விட்டத்தை நூல் பிடித்து அளந்து, அங்குலத்தில் எழுதி அனுப்புங்கள். உயரத்தில் வைக்கும் இரண்டாவது வலை ஒன்று இங்கே மலிவாகக் கிடைக்கிறது. அளவு சரியாக இருந்தால் பெட்டியின் அடியில் போட்டுக் கொண்டு வந்துவிடுவேன்.

உங்கள் அன்புத் தம்பி