கிறிஸ்டலிஸ் கசெட்டின் பற்றறியை மாற்றி வையுங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய வீடியோ கேம் கண்காட்சி நடத்தும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நாலாவது மேசையில் நின்ரெண்டோ என்ஈஎஸ் (NES) மெஷினில் வைத்திருந்த கிறிஸ்டலிஸ் என்ற கேமின் மேல் மூன்றாம் நாள் காலையில் ‘பழுது’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தீர்கள். பின்னேரம் அந்த மேசையில் கார் ஓட்டும் கேம் ஒன்று இருந்தது. அடுத்த முறை வைக்கப்போகிறவற்றின் பட்டியலையும் பார்த்தோம். அதிலும் கிறிஸ்டலிஸ் இல்லை. கேட்டபோது மூன்று காரணம் சொன்னீர்கள்: சேவ் (விட்ட இடத்தின் பதிவு) நிற்குதில்லை, வாள் வேலை செய்யுதில்லை, படத்தில் கலர் இல்லை. அந்தக் கசெட் பழுதில்லை. பற்றறி மட்டும்தான் செத்துப் போயிருக்கிறது. அதை மாற்றி, கேமைத் திரும்பவும் மேசையில் வையுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

முதல் நாள் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். பள்ளிக்கூட உடுப்போடு வந்த ஒரு பிள்ளை மத்தியானம் தொடங்கி நீங்கள் கதவு சாத்தும்வரை அந்த மேசையை விட்டு எழும்பவில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் காவல்காரனைக் குழல் ஊதி எழுப்பி, அவனிடம் திறப்பு வாங்கி, காற்றாலையைச் சுழல வைத்தாள். அது சுழன்றால்தான் அடைபட்ட குகை திறக்கும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிறகு நச்சுச் சதுப்பு நிலம். அங்கே நடக்க நடக்க உயிர் குறையும், வழியும் ஒன்றுபோலவே இருக்கும். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, எந்த இடத்தில் திரும்பினால் எங்கே போகும் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். சதுப்புக்குள் தொலைந்து போயிருந்த ஓக் கிராமத்துக் குழந்தையைக் கண்டுபிடித்துக் கொடுத்து நெருப்பு வாளை வாங்கினாள். சேவ் பண்ணினாள். உங்கள் தொண்டர் ஒருவர் ரீசெட் அழுத்தி, சேவ் இருக்கிறது என்று காட்டியும் கொடுத்தார். அடுத்தநாள் காலை முதல் ஆளாக வந்து நின்றாள். சேவ் இல்லை. “இது பழுது பிள்ளை, வேற எதையாவது விளையாடுங்கோ” என்று சொல்லி அனுப்பினீர்கள்.

அந்தத் தொண்டரில் பிழையில்லை. அவர் செய்த சோதனைதான் தவறானது. சேவ் எல்லாம் கசெட்டுக்குள் இருக்கும் 8 கிலோபைட் நினைவகச் சில்லில் எழுதப்படுகிறது. மெஷின் ஓடும்போது அந்தச் சில்லுக்கு மெஷினே மின்சாரம் கொடுக்கும். நிறுத்தியபின் அதை உயிரோடு வைத்திருப்பது 3 வோல்ட் பற்றறி. ரீசெட் அழுத்தும்போது மின்சாரம் நிற்பதில்லை, ஆகவே பற்றறி செத்திருந்தாலும் சேவ் அப்படியே இருக்கும். இரவு சுவிட்சை நிறுத்தினால்தான் எல்லாம் போகும். பகல் முழுக்க நன்றாக இருந்தது காலையில் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான். 1990இல் வெளிவந்த கசெட்டில் போட்ட பற்றறி இன்னும் வேலை செய்தால்தான் அதிசயம்.

மாற்றுவது ஒரு மணித்தியால வேலை. சாம்பல் நிறக் கசெட்டின் பின்பக்கம் இருக்கும் ஆணிகளுக்குச் சாதாரண ஸ்குரூ டிரைவர் பிடிக்காது, அவற்றுக்கென்றே உள்ள 3.8 மில்லிமீற்றர் கேம் பிற் என்ற முனை வேண்டும். பேனைக் குழாயை உருக்கி அழுத்தித் திறக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், ஆணியின் தலை தேய்ந்துவிடும். திறந்தவுடன் மல்ரிமீற்றரை நேரோட்ட (DC) வோல்ட் அளவில் வைத்துப் பற்றறியைத் தொட்டுப் பாருங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே என்றால் கழற்ற வேண்டியதுதான். அது சிஆர்2032. கடையில் மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும் விற்கும் அதே அளவுதான், ஆனால் வாங்கும்போது இரண்டு பக்கமும் தகரக் கால் ஒட்டியதாகக் கேட்டு வாங்குங்கள். கால் இல்லாத வெறும் பற்றறியின் மேல் நேரே ஈயம் வைத்தால் சூட்டில் அது வீங்கும், வெடிக்கவும் கூடும். போர்ட்டில் நேர்முனை எது என்று அச்சிட்டிருக்கும். பழையதைக் கழற்ற முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஈயத்தை உருக்கிப் பழைய கால்களை மெதுவாக வெளியே எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் செப்புத் தடம் உரிந்துவிடும், பிறகு வயர் வைத்துத்தான் சரிசெய்யலாம். புதியதைப் பொருத்தியபின் சேவ் பண்ணி, சுவிட்சை நிறுத்தி, ஓர் இரவு முழுக்க விட்டுக் காலையில் போட்டுப் பாருங்கள். ரீசெட் அழுத்திப் பார்ப்பது போதாது.

திறந்த கையோடு, கசெட்டின் விளிம்பில் மெஷினைத் தொடும் உலோகப் பின் (pin) வரிசையையும் துடைத்து விடுங்கள். காதுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்டு, கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். வாயால் ஊதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். எச்சில் ஈரம் பின்னை அரித்துவிடும். உங்கள் மெஷினில் திரை விட்டு விட்டு மின்னுவதற்கும் பின் சரியாகத் தொடாததுதான் காரணமாக இருக்கும்.

இனி வாள் விசயம். எதிரியை வெட்டினால் டிங் என்று சத்தம் மட்டும் வருகிறது, ஒன்றும் ஆகுதில்லை, கொன்ட்ரோலர் பிழை என்றீர்கள். கொன்ட்ரோலரை மாற்றியும் பார்த்தீர்கள். எஸ்என்கே நிறுவனம் இந்த விளையாட்டைச் செய்த முறையே அதுதான். காற்று, நெருப்பு, நீர், இடி என்று நான்கு வாள்கள். சில எதிரிகளுக்குச் சில வாள்கள் ஏறாது. ஒரே உருவம் வேறு நிறத்தில் வந்தால், முன்பு வெட்டிய வாள் இப்போது வெட்டாமல் போகலாம். பெரிய எதிரிகளில் சிலருக்கு உங்கள் மட்டம் (லெவல்) போதாவிட்டால் சரியான வாளாலும் ஒரு கீறல் விழாது. வெளியே போய்ச் சின்ன எதிரிகளை வெட்டி மட்டத்தைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். உச்சம் 16. வாள் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தால் சக்தி ஏறும், விட்டால் பாயும். அந்தந்த வாளுக்குரிய உருண்டை கிடைத்தால் இரண்டாம் நிலை, காப்பு கிடைத்தால் மூன்றாம் நிலை. மூன்றாம் நிலை மந்திர சக்தியைத் தின்னும் என்பதால் கண்டபடி விடக்கூடாது. இரண்டாம் நிலையில் நெருப்பு வாள் பனிச் சுவரை உருக்கும், நீர் வாள் ஆற்றின் மேல் பனிப் பாலம் போடும். இவ்வளவையும் கொஞ்ச நேரத்தில் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தமிழில் ஒரு பக்கத் தாள் அடித்து மேசையில் ஒட்டியிருந்தால் ஒருவரும் கொன்ட்ரோலரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கலர் இல்லாததற்கும் கேம் பொறுப்பில்லை. அது அமெரிக்க மெஷின், என்ரிஎஸ்சி (NTSC) என்ற ரீவி முறையில் படம் அனுப்புகிறது. எங்கள் நாட்டு முறை பால் (PAL). பழைய பெட்டி ரீவியின் மெனுவில் கலர் சிஸ்டம் பால் என்று பூட்டிக் கிடந்தால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். ஓட்டோ என்றோ என்ரிஎஸ்சி 3.58 என்றோ மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத ரீவி என்றால் வேறு ரீவி வைக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து வாளைத் தெரிவு செய்ய வேண்டிய விளையாட்டைக் கறுப்பு வெள்ளையில் வைத்துவிட்டு, சனம் விரும்பவில்லை என்று முடிவெடுத்தது சரியில்லை. இன்னொன்று, அந்த மெஷினின் அடப்டர் 120 வோல்ட்டுக்கானது. நடுவில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப் டவுண் இல்லாமல் எங்கள் 230 வோல்ட்டில் யாரும் செருகிவிடாதபடி பிளக்கில் ஒரு துண்டு ஒட்டி வையுங்கள்.

சனத்துக்கு இந்தப் பெயரே தெரியாதே என்று உங்களில் ஒருவர் சொன்னது எங்களைச் சுட்டது. தெரியாதுதான். ஏன் தெரியாது என்று யோசித்தீர்களா? கிறிஸ்டலிஸ் வந்தது 1990இல். அந்த வருடம் யூனில் சண்டை திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் போனது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள், ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். மற்ற ஊர்களில் ஒரு தலைமுறை விளையாடி வளர்ந்தவை எல்லாம் எங்களுக்குப் பத்து வருடம் பிந்தி, அதுவும் அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்தன. பெயர் தெரிந்த விளையாட்டை மட்டும் வைப்போம் என்றால் இந்த ஊரில் இப்படி ஒரு கண்காட்சி எதற்கு? மரியோவை எங்கள் பிள்ளைகள் எப்படியும் பார்ப்பார்கள். 1997 ஒக்ரோபர் 1இல் உலகம் போரில் அழிகிறது, நூறு வருடம் கழித்து ஒருவன் குகைக்குள் விழித்தெழுகிறான், தன் பெயர்கூட அவனுக்கு நினைவில்லை என்று தொடங்கும் கதையை அவர்களுக்கு வேறு யார் காட்டப்போகிறார்கள்? மீந்திருந்த மனிதர்கள் இன்னொரு போர் வரக்கூடாது என்று வானத்தில் ஒரு கோபுரம் கட்டி வைக்கிறார்கள். ஓர் அரசன் அதையே பிடிக்கப் பார்க்கிறான். எதிரிப் படைவீரனின் உருவத்தை எடுத்துக்கொண்டு காவலைக் கடக்கும் கட்டம் ஒன்றும் வரும். அதை இந்த ஊர்ப் பெரியவர்கள் விளையாடினால் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆசை.

கோபத்தில் கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளமில்லாமல், சொந்த வேலையை விட்டுவிட்டு நீங்கள் இதை நடத்துகிறீர்கள் என்பது தெரியும். அதனால்தான் முகம் கொடுத்துக் கேட்கிறோம்.

கேம் போய் கலர் (Game Boy Color) என்ற கையடக்க மெஷினில் 2000இல் வந்த பதிப்பைப் பதிலுக்கு வைக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம். மூலத்தின் திரை 256க்கு 240 புள்ளிகள், கையடக்கத்தின் திரை 160க்கு 144. பார்க்கும் பரப்பு பாதிக்கும் குறைவு. எட்டுத் திசையிலும் ஓடி, சுட்டுவிட்டு விலகும் விளையாட்டில் எதிரி திரைக்கு வெளியே இருந்து மேலே விழுந்தால் என்ன செய்வது? கதையையும் அதில் மாற்றிவிட்டார்கள். ஈயம் பிடிக்கத் தெரிந்த கை உங்களிடம் இல்லையென்றால், 2018இல் நின்ரெண்டோ சுவிட்ச் மெஷினுக்கு வந்த எஸ்என்கேயின் 40ஆம் ஆண்டுத் தொகுப்பை வையுங்கள். மூல விளையாட்டு அதில் அப்படியே இருக்கிறது, பற்றறிக் கவலையும் இல்லை. ஆனாலும் கசெட்டே உங்கள் கையில் இருக்கும்போது அதைப் பெட்டியில் போட்டு வைப்பது மனதுக்கு ஒப்பவில்லை.

ஆகவே திரும்பவும் கேட்கிறோம். பற்றறியை மாற்றுங்கள். கிறிஸ்டலிஸை அடுத்த பட்டியலில் சேருங்கள். கலர் வரும் ரீவியோடு, தமிழ்த் தாளோடு, ஆளுக்கு 45 நிமிடம் கொடுத்து ஒரு மேசை ஒதுக்குங்கள். தாளை எழுதித் தர நாங்கள் ஆயத்தம். பற்றறியும் கேம் பிற்றும் எங்களிடம் இருக்கின்றன, கசெட்டைத் தந்தால் உங்கள் முன்னாலேயே மாற்றித் தருகிறோம். மாற்றிய திகதியைக் கசெட்டின் உட்பக்கத்தில் பேனையால் எழுதி வைப்போம், அடுத்து திறக்கிறவருக்கு உதவும்.

அந்தப் பிள்ளை சதுப்பு நிலத்து வழியை வரைந்த கொப்பித் தாள் நாலாவது மேசை லாச்சியில் இருக்கிறது. மேசையைக் கழுவித் துடைக்கும்போது அதை எறிந்துவிடாதீர்கள். அவள் திரும்ப வருவாள்.

இப்படிக்கு,
பழைய கேம் விளையாடும் சிலர்,
யாழ்ப்பாணம்