பதினான்கு வயது என்ற கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரிளம் பருவத்தினரின் மனநலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 'மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன' என்று சொல்லி, அத்துடன் நின்றுவிட்டது. இதைப் படித்த என் மகள், 'பிள்ளைகளில் பாதிப் பேருக்கா?' என்று திகைத்துப்போனாள். வாழ்நாளில் என்றேனும் நோய்க்கு ஆளானவர்களில் பாதிப் பேர் என்பதே அதன் பொருள்.

ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் 2005-இல் அமெரிக்காவில் வெளியிட்ட அந்தக் கணக்கு, பெரியவர்களிடம் 'உங்களுக்கு இது முதலில் எப்போது வந்தது?' என்று கேட்டுத் தொகுக்கப்பட்டது. நாற்பது வயதில் இருந்துகொண்டு பன்னிரண்டாம் வயதைச் சரியாக நினைவுகூர எத்தனை பேரால் முடியும்? 192 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளிவந்த கட்டுரை, 14 வயதுக்குள் தொடங்குவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்கிறது. பதற்றக் கோளாறுகள் பல சிறுவயதிலேயே தலைகாட்ட, உண்மையையும் பிரமையையும் பிரித்தறிய முடியாமல் செய்யும் மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோதான் வருகிறது.

என் மதிப்பீட்டில், நினைவை நம்பாமல் பிள்ளைகளையே பின்தொடரும் ஆய்வுகளுக்குத்தான் எடை அதிகம். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 பேரை ஆய்வாளர்கள் இன்றுவரை விடாமல் கவனித்து வருகிறார்கள். 11 வயதில், பிறர் காதில் விழாத குரல்கள் கேட்பது போன்ற அனுபவங்களை அழுத்தமாகச் சொன்ன சிலருக்கு, 26 வயதுக்குள் மனச்சிதைவை ஒத்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடியிருந்தது. ஆயினும் அவர்களிலும் பெரும்பாலோருக்கு அந்நோய் வரவில்லை. இந்தப் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் அச்சிடுவது நியாயமாகாது.

பதின்பருவத்தில் மூளை, தேவையற்ற நரம்பணு இணைப்புகளைக் களைந்துகொள்கிறது. இக்களையெடுப்பு அளவுமீறுவதே மனச்சிதைவுக்குக் காரணமாகலாம் என்று 1980-களின் தொடக்கத்தில் இர்வின் ஃபைன்பெர்க் முன்வைத்த கருத்துக்கு, 2016-இல் சி4 என்னும் மரபணு பற்றிய ஆய்வு வலுச்சேர்த்தது. அந்த மரபணு கூட்டுவதோ சிறிதளவு ஆபத்தையே.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி, எழுதிய சொல்லையே மீண்டும் மீண்டும் அழித்து, தாளே கிழியும்வரை திருத்திக்கொண்டிருப்பாள். பாதிக் கேள்விகளுக்கு விடையே இராது. 'நேரத்தைத் திட்டமிடவும்' என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன். அது, வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யவைக்கும் எண்ணச் சுழல் நோய் (ஓ.சி.டி.) என்று மருத்துவர் சொன்னபோது அவளுக்கு வயது பதினேழு. நோய் தொடங்குவதற்கும் அது கண்டறியப்படுவதற்கும் இடையே கழியும் இந்த ஆண்டுகளைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி