கரையில் இருக்கும் நாட்களிலாவது ஈரலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் குடித்துக் குடித்தே செத்த மீனவர்களைப் பற்றிக் கேட்டால், "மஞ்சக்காமாலை வந்து போயிட்டாரு" என்பார்கள். அந்தக் காமாலைக்குப் பின்னால் ஈரலில் புற்று இருந்ததா என்று பார்ப்பவர்கள் குறைவு. என் சித்தப்பாவுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் இருந்தார். வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குள் கட்டி பெரிதாகிவிட்டது.

குடித்த மதுவை ஈரல் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. அது செல்லுக்குள் இருக்கும் மரபணுவையே சேதப்படுத்தும். வருடக்கணக்கில் குடித்தால் ஈரலில் கொழுப்பு படியும், அழற்சி வரும், தழும்பேறும், கடைசியில் சுருங்கிக் கெட்டியாகிவிடும். புற்று பெரும்பாலும் இந்தச் சுருங்கிய ஈரலில்தான் வருகிறது. அதுவரை வலியே தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் "எனக்கு ஒண்ணும் செய்யல" என்று தைரியமாகச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவைப் புற்று உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது 1988இல். இத்தனை வருடம் கழித்தும் எங்கள் ஊர்களுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை என்பது எனக்குப் பெரிய வேதனை.

ஒரு குவார்ட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. பீர்தானே என்பவர்களுக்கும் சொல்கிறேன், பெரிய பாட்டில் ஸ்ட்ராங் பீரில் 30 முதல் 40 கிராம் வரை இருக்கும். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி அல்லது சி கிருமியும் உடம்பில் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

குடியை விட்டால் ஈரல் மேலும் கெடுவது குறையும், கட்டாயம் விட வேண்டும். ஆனால் சுருங்கிப்போன ஈரலில் புற்று வரும் அபாயம் அதன் பிறகும் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் அறுவை செய்தோ சுட்டோ அகற்ற வழியுண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகு ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள். சுகாதாரத் துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து தொண்டி முதல் மூக்கையூர் வரை ஊர் ஊராக ஈரல் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். ஸ்கேன், ஹெபடைட்டிஸ் ரத்தப் பரிசோதனை, குடியை விட ஆலோசனை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கட்டும். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது, அவர்கள் கடலுக்குப் போகாத நாளைக் கேட்டு முகாமை வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தங்கச்சிமடம்.