கண்ணுக்குத் தெரியாத படலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் கற்பிக்கிறேன். உடலுக்கு வெளியே கலங்களை வளர்க்கும் கலவளர்ப்பு என்றால் தட்டில் போசணைக் கரைசலை ஊற்றிக் கலங்களை விடுவதுதானே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன் தட்டைத் தயார்படுத்தும் வேலையைக் கண்ணால் காண அவர்களுக்கு வழியில்லை.

இழையங்களிலிருந்து எடுக்கும் கலங்களில் அனேகமானவை எதையாவது பற்றிப் பிடித்தால்தான் பிழைக்கும். ஈரல் கலமோ நரம்புக் கலமோ வெறும் பிளாஸ்ரிக்கில் இலேசில் ஒட்டாது. அதற்காகவே தட்டில் கொலாஜன், லாமினின் போன்ற புரதங்களைக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிய விடுகிறார்கள். எலி வாலிலிருந்து பெற்ற கொலாஜனை ஐதான அசற்றிக் அமிலத்தில் கலந்து, சதுர சென்ரிமீற்றருக்கு 5 மைக்ரோகிராம் வரும்படி விட்டு, ஒரு மணித்தியாலம் வைப்பது வழக்கம். பிறகு தட்டைச் சரித்து, குழாயின் நுனி அடியில் உரசாமல் ஓரத்தால் திரவத்தை உறிஞ்சி எடுத்து, அமில அளவை மாறாமல் வைத்திருக்கும் தாங்கற் கரைசலால் கழுவவேண்டும். கழுவுவதில் அவசரம் கூடாது. அமிலம் மிஞ்சினால் கலங்கள் செத்துப்போகும். இந்தக் கைப்பக்குவத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியுமா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்குள்ள விரிவுரையாளர்களைக் கேட்கிறேன்: பாடசாலை விடுமுறையில் ஒரு நாளாவது எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு இதைச் செய்து காட்டுங்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற தூர இடத்துப் பிள்ளைகளுக்கு பஸ் ஒழுங்கும் வேண்டும். அதற்குப் பெற்றோரும் பழைய மாணவரும் நிச்சயம் கைகொடுப்பார்கள்.

உயிரியல் ஆசிரியை,
கிளிநொச்சி