முதலில் அரை அங்குலம், அப்புறம் புரொப்பல்லர்

பாம்பன்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள தாயிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் பேசியதில் பாதி காற்றோடு போய்விட்டது. இங்கே வாடை தொடங்கி மழையும் பிடித்துக்கொண்டதால் சிக்னல் சரியில்லை. எழுதி அனுப்பினால் படகிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வாய் என்று நோட்டில் எழுதினேன். உன் சித்தப்பா மகன் படம் பிடித்து அனுப்புவான்.

அங்கே அமெரிக்காவில் மாப்பிள்ளை வாங்கியிருக்கும் பாஸ் படகின், அதுதான் பாஸ் மீன் பிடிக்கப் போகும் வேகப் படகின், வீடியோவை நான்கு தரம் பார்த்தேன். உன் அம்மாவும் பார்த்தாள். இவ்வளவு பளபளப்பான படகில் போய் மீனைப் பிடித்து, எடை போட்டு, திரும்பவும் தண்ணீரிலேயே விடுகிறார்கள் என்றதை அவள் இன்னும் நம்பவில்லை. எனக்குக் கண் போனது மோட்டார் மேல்தான். சார்ஜாவில் ஸ்பீட்போட் ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு வேறெங்கே போகும்?

நீ சொன்னதைத் திரும்ப எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. மாப்பிள்ளை தனியாகப் போனால் நன்றாக ஓடுகிறது. நீ, பிள்ளைகள், அவர் நண்பர் எல்லாரும் ஏறினால் முன்பக்க அணியம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, படகு தண்ணீர் மேல் எழும்பி ஓடவே நேரமாகிறது. முழு திராட்டிலிலும் 4800 ஆர்பிஎம் தாண்டவில்லை. ஜிபிஎஸ் 57 மைல் காட்டியது. இருப்பது 3 இறக்கை ஸ்டெயின்லெஸ் புரொப்பல்லர், 25 பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு 25 அங்குலம் முன்னே போகும் கணக்கு. கியர் விகிதம் 1.75, மோட்டார் 1.75 சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஒரு சுற்று. மோட்டார் புத்தகத்தில் முழு திராட்டிலுக்கு 5000 முதல் 6000 வரை என்று போட்டிருக்கிறது. நண்பர் 4 இறக்கை வாங்கச் சொல்கிறார். சரிதானே?

உடனே வாங்காதே. அங்கே நல்ல புரொப்பல்லர் ஒன்று பல நூறு டாலர். முதலில் நீ ஒன்பதாவது படிக்கும்போது நம் ஒர்க்‌ஷாப் ஷட்டரில் சிவப்பு பென்சிலால் போட்ட கணக்கைப் போட்டுப் பார். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம், அதை 60 நிமிடத்தால் வகுத்தால் 1056. ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1056-ஆலும் வகுத்தால் தண்ணீர் வழுக்காத கற்பனை வேகம் வரும். 4800-ஐ 25-ஆல் பெருக்கினால் 1,20,000. அதை 1848-ஆல் வகுத்தால் 65 மைலுக்குக் கொஞ்சம் கீழே. நீங்கள் போனது 57. ஆக வழுக்கல் 12 சதவீதம்.

இந்த 12 எனக்குப் பெரிய நிம்மதி. வழுக்கல் 25, 30 என்று வந்திருந்தால் வேறு கதை: புரொப்பல்லர் காற்று குடிக்கிறது, இல்லை இறக்கை வளைந்திருக்கிறது, இல்லை உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் விட்டுவிட்டது என்று தேட வேண்டும். சந்தேகமாக இருந்தால் புஷ்ஷின் உள்வளையத்திலிருந்து வெளி உருளை வரைக்கும் பெயிண்டில் ஒரே கோடு இழுத்துவிட்டு ஓட்டிப் பார். திரும்பி வரும்போது கோடு விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது. உங்களுக்கு அது இல்லை. உங்கள் புரொப்பல்லர் தண்ணீரை நன்றாகத்தான் பிடிக்கிறது. மோட்டாரால்தான் அதைச் சுற்ற முடியவில்லை. ஏற்றத்தில் டாப் கியர் போட்ட லாரி மாதிரி முக்குகிறது. இப்படியே ஓட்டினால் மோட்டாருக்கு ஆயுசு குறையும்.

முக்குவதற்கு முதல் காரணம் எடை. மீனை உயிரோடு வைக்கும் தொட்டியை நிரப்பிக்கொண்டா ஓட்டினீர்கள்? 30 கேலன் தண்ணீர் என்றால் 110 கிலோவுக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆள் பின்னால் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள். கிளம்பும்போது அதைக் காலி செய். தேவையில்லாத பெட்டிகளை இறக்கு.

இரண்டாவது உயரம். இதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன், போனில் முடியவில்லை.

நம் வள்ளத்துக்கு மோட்டார் உயரம் பார்ப்பது சுலபம். புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு சேர்ந்தோ, ஒரு விரல் மேலேயோ இருந்தால் போதும். 9.9 குதிரைத்திறன் மோட்டார் எட்டு ஒன்பது அங்குலப் பிட்ச்சில் வலை, ஐஸ், மீன் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டு போகும். பாஸ் படகு உழுவதில்லை. எழும்பிய பிறகு பின்னால் அடியில் இருக்கும் தட்டையான பட்டை, பேட் என்பார்கள், அந்தக் கொஞ்சூண்டு இடத்தில்தான் ஓடுகிறது. அந்த வேகத்தில் மோட்டாரின் கீழ்ப்பாகம் எவ்வளவு தண்ணீருக்குள் இருக்கிறதோ அவ்வளவும் பிரேக்தான். மோட்டாரை ஜாக் பிளேட்டில், அதாவது உயரம் மாற்றும் தாங்கியில், பின்னால் தள்ளி மாட்டியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. படகைத் தாண்டியதும் தண்ணீர் மேலே எழும்பும், அதனால் மோட்டாரையும் மேலே ஏற்ற முடியும்.

அளப்பது இப்படி. டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்து. பேட் மேல் மட்டப்பலகை வைத்து அதைத் தரைக்குச் சமமாக்கு. புரொப்பல்லர் ஷாஃப்டும் அதேபோல் சமமாக வரும்படி மோட்டாரின் சாய்வை டிரிம் செய். தரையிலிருந்து பேட் எவ்வளவு, ஷாஃப்டின் நடுமையம் எவ்வளவு என்று இரண்டையும் அளந்து கழி. பேட் 24 அங்குலம், ஷாஃப்ட் 19 என்றால், ஷாஃப்ட் 5 அங்குலம் கீழே இருக்கிறது. பாஸ் படகுக்கு அது அதிகம். மூன்றரை அங்குலத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்குவார்கள், அப்புறம் கால் அங்குலம், அரை அங்குலமாக ஏற்றிப் பார்ப்பார்கள். வீடியோவில் உங்கள் மோட்டார் தாழ்வாகத்தான் எனக்குத் தெரிகிறது. படத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன், அளந்து சொல்.

அளவு 5 வந்தால் ஒரேயடியாக ஒன்றரை அங்குலம் தூக்க வேண்டாம். முதலில் அரை அங்குலம். ஓட்டி எழுது. அப்புறம் இன்னொரு அரை. இழுவை குறையக் குறைய ஆர்பிஎம்மும் ஏறும், வேகமும் ஏறும். எந்த இடத்தில் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் அப்படியே நிற்கிறதோ, அங்கே புரொப்பல்லர் பிடியை விட ஆரம்பித்துவிட்டது. கால் அங்குலம் இறக்கிவிடு. வளைவில் திருப்பும்போது மோட்டார் திடீரென்று அலறினாலும் அதே வைத்தியம். அந்த மோட்டார் இருநூறு கிலோவுக்கு மேல், நம் கடைக்கு வரும் மோட்டார் மாதிரி இரண்டு பேர் தம் பிடித்துத் தூக்கும் சாமான் இல்லை. போல்ட்டைத் தளர்த்துமுன் மேலே இருந்து சங்கிலியில் தாங்கவிடுங்கள்.

ஏற்றும்போதெல்லாம் மோட்டாரைக் குளிரவைக்கும் தண்ணீரின் அழுத்தம் காட்டும் கேஜைப் பார். முழு வேகத்தில் 15 பிஎஸ்ஐக்குக் கீழே முள் இறங்கினால் நானாக இருந்தால் திராட்டிலை விட்டுவிடுவேன். இது நான் பட்ட பாடு. சார்ஜாவிலிருந்து திரும்பி வந்த புதிதில் பெரிய கைக்காரன் என்ற நினைப்பு எனக்கு. ஒருவருடைய ஃபைபர் வள்ளத்தில் மோட்டாருக்கு அடியில் கட்டை கொடுத்து இரண்டு அங்குலம் தூக்கிவிட்டேன். வேகம் வந்தது உண்மைதான், கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். குந்துகாலைத் தாண்டியதும் சோழகக் காற்றில் அலை குத்திக் குத்தி எழும்பியது. மோட்டார் தண்ணீரும் காற்றும் மாறி மாறிக் குடித்தது. பக்கத்தில் பீய்ச்சிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றதை நான் பார்க்கவில்லை, சத்தத்தில் மயங்கிப் போயிருந்தேன். சூடேறி நின்றுவிட்டது. குருசடைத் தீவுப் பக்கத்திலிருந்து துடுப்புப் போட்டு வந்தோம். உள்ளே தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் கரிக்கட்டை. செலவு என்னுடையது, வள்ளக்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சரி, மூன்றாவதுதான் புரொப்பல்லர். உயரம் சரிசெய்த பிறகும், எல்லாரும் ஏறிய நிலையில் ஆர்பிஎம் 5400 பக்கம் வரவில்லை என்றால் 23 பிட்ச்சுக்கு இறங்கு. ஒரு அங்குலப் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும், இரண்டுக்கு 300 முதல் 400. மாப்பிள்ளைக்குத் தனியாகப் போகும்போது உச்ச வேகம் கொஞ்சம் குறையும், முகம் கோணுவார். 23 போட்ட பிறகு அவர் தனியாகப் போகும்போது 6000 தாண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும். நம் ஆட்கள் எதைப் பார்த்து புரொப்பல்லர் போடுகிறார்கள் என்று அவருக்குச் சொல். காலையில் வெறும் வள்ளமாகப் போகிற வேகத்தை யாரும் பார்ப்பதில்லை, மீனோடு திரும்பி வருகிற பாரத்துக்குத்தான் பிட்ச் பார்க்கிறோம். நீங்கள் பெரும்பாலும் குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் குடும்பத்துக்குத்தான் புரொப்பல்லர்.

நண்பர் சொன்ன 4 இறக்கை பாதி சரி. அது கிளம்பும்போது நன்றாகக் கவ்வும், படகின் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும், வளைவில் எளிதில் பிடியை விடாது. உங்கள் குறைக்கு அது பொருந்தும். ஆனால் அதே 25 பிட்ச்சில் 4 இறக்கை போட்டால் ஏற்கெனவே முக்குகிற மோட்டார் இன்னும் முக்கும். 4 இறக்கைக்குப் போனால் பிட்ச்சையும் குறைத்தே ஆக வேண்டும். முடிந்தால் கடையில் ஓட்டிப் பார்க்கக் கடனாகக் கேள், தருகிற கடைகள் அங்கே உண்டு.

பழைய 25-ஐ விற்காதே. நீங்கள் போகும் லேக் ஃபோர்க் தண்ணீருக்குள் மரங்கள் நின்றுகொண்டிருக்கும் ஏரி. பாறை எங்கே என்று தெரியாமல் மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் போனவன் கதை உனக்குத் தெரியும். நாங்கள் இங்கே அலுமினியத்தைத்தான் விரும்புகிறோம். இடித்தால் இறக்கை வளையும், கியர் தப்பிக்கும், சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டு போய்விடலாம். ஸ்டெயின்லெஸ் சுலபத்தில் வளையாது, அடியை உள்ளே கியருக்குக் கடத்திவிடும். உங்கள் வேகத்துக்கு அலுமினியம் வளைந்து கொடுக்கும் என்பதால் ஸ்டெயின்லெஸ்தான் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாற்று புரொப்பல்லரும், நட்டுக்கு ஸ்பானரும் படகிலேயே இருக்கட்டும்.

கழற்றும்போது சாவியை எடுத்து உன் பையில் போட்டுக்கொள், மாப்பிள்ளை கையில்கூடக் கொடுக்காதே. தட்டுக்கும் இறக்கைக்கும் நடுவில் மரக்கட்டை வைத்து நட்டைத் திருப்பு. ஷாஃப்டில் தங்கூசி, தூண்டில் நைலான் நூல், சுற்றியிருக்கிறதா என்று பார். பழைய படகில் கட்டாயம் இருக்கும், அது ஆயில் சீலை அறுத்துவிடும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது காற்றுக்கு எதிராக ஒரு தரம், காற்றோடு ஒரு தரம் ஓட்டிச் சராசரி எடு. ஒரு நாளில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். உயரத்தையும் புரொப்பல்லரையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கே தெரியாது. அப்புறம் அந்தச் சிவப்புக் கயிறு. மோட்டாரை நிறுத்தும் கயிற்றை ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டியே ஆக வேண்டும் என்று உங்கள் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் சட்டமே இருக்கிறது. வீடியோவில் அது ஸ்டீயரிங்கில் சும்மா தொங்கியது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இதை மாப்பிள்ளையிடம் நான் சொன்னேன் என்றே சொல்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. புதிய ரயில் பாலம் கப்பலுக்குத் தூக்கும்போதெல்லாம் வேடிக்கை பார்க்கப் போய்விடுகிறாள், வலி இருக்கிற கால் அது.

பேட்டிலிருந்து ஷாஃப்ட் எத்தனை அங்குலம், முழு திராட்டிலில் ஆர்பிஎம், ஜிபிஎஸ் வேகம், மூன்றையும் அனுப்பு. ஷட்டரில் உன் பழைய கணக்கு இன்னும் இருக்கிறது, பெயிண்ட் அடித்தபோதும் அந்த இடத்தை விட்டுத்தான் அடித்தோம். அதற்குக் கீழே எழுதிக்கொள்கிறேன். அங்கே மாலை நான்கு மணிக்குக் கரையேறினாலும் கூப்பிடு, இங்கே அப்போது விடியற்காலை இரண்டரை. வள்ளங்கள் கிளம்புகிற நேரம், நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா